பொன்னாடை போர்த்திய கணினி

எங்கள் வீட்டுக் கணினி மெதுவாகிப் போனதற்குக் காரணம் சொல்லாதவர் எங்கள் தாமான் குடியிருப்பில் யாரும் இல்லை. வைரஸ் என்றார்கள். வயசாகிவிட்டது என்றார்கள். கோலசிலாங்கூர் உப்புக்காற்று என்றார் ஒருவர். கண் திருஷ்டி என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். சொந்த வீட்டில் ரைஸ் குக்கர் கெட்டால் தலையைச் சொறிபவர்கள் எல்லாம் என் கணினிக்கு வைத்தியம் சொன்னார்கள். பெட்டியைத் திறந்து பார்க்கலாமே என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. திறந்து பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். அப்புறம் பேசுவதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

நான் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவள். சம்பளக் கணக்கு, மண்டோர் கங்காணிகளின் சண்டை, மேனேஜரின் கோபம் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். அந்தத் தோட்டத்தை இன்னொரு தோட்டத்தோடு சேர்த்தார்கள், ஆபீசை மூடினார்கள். நாங்கள் புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு தாமான் வீட்டுக்கு வந்தோம். எனக்குக் கிடைத்த வேலை கோலசிலாங்கூரில் ஒரு சாப்பாட்டுக்கடையின் கல்லாவில் நிற்பது. கல்லாவில் உட்கார்வது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நாற்காலி கிடையாது. கேட்டதற்கு, "கவுண்டர்ல உக்காந்திருந்தா கஸ்டமருக்கு மரியாத இல்லக்கா" என்றார் முதலாளி. அவர் அதை உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார். மாலையில் வீடு திரும்பும்போது என் கால் இரண்டும் வீங்கி, செருப்பு வாரில் சதை பிதுங்கும்.

அந்தச் சமயத்தில்தான் கோலாலம்பூரில் ஒரு நிறுவனம் தமிழ்த் தொடர்நாடகங்களுக்கு மலாயில் வசனம் போட ஆள் தேடுகிறது என்று தெரிந்தது. திரையின் அடியில் ஓடுமே, அந்த வரிகள். வீட்டிலிருந்தே செய்யலாம். எனக்குத் தமிழும் தெரியும், மலாயும் தெரியும், மாமியார் மருமகள் சண்டை என்பது தோட்டத்து லயத்து வரிசைவீட்டில் பிறந்தவளுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடமும் இல்லை. எழுதிப் போட்டேன். ஒரு நாடகத்தின் ஒரு பகுதியை அனுப்பி, அடுத்த திங்கள்கிழமைக்குள் செய்து அனுப்புங்கள், நன்றாக இருந்தால் தொடர்ந்து தருகிறோம் என்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, மூளையை வைத்துச் செய்கிற வேலை மறுபடியும் எனக்கு வரும் என்று நான் நினைக்கவே இல்லை. அதை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று வெறியாகவே இருந்தது.

கணினிக்கு அந்த அவசரம் இல்லை. நாடகத்தில் மருமகள் அழ ஆரம்பித்தால், கண்ணீர் கன்னத்துக்கு வருவதற்குள் நான் அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி கலக்கி வந்துவிடலாம். படம் நிற்கும், குரல் மட்டும் முன்னால் போகும். மாமியார் வாயை மூடிக்கொண்டே திட்டுவாள். வாய் திறக்கும்போது வரி வரவேண்டும், வாய் மூடும்போது வரி போகவேண்டும் என்பதுதான் அந்த வேலையின் முதல் விதி. வாயே திறக்காதவளுக்கு நான் எங்கே வரி போடுவது? உப்புச்சப்பில்லாத அந்த நாடகத்தைச் சாதாரண வேகத்தில் பார்ப்பதே தண்டனை. நான் அதை நத்தை வேகத்தில் பார்த்தேன்.

முதல் வைத்தியர் என் கொழுந்தன். சுங்கை சோவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பதாலேயே இயந்திரம் எல்லாம் தனக்குத் தெரியும் என்று நம்புகிறவர். வந்து உட்கார்ந்தார், காலை ஆட்டினார், "அண்ணி, இதுல குப்ப சேர்ந்து போச்சு. கிளீன் பண்ணணும் லா" என்றார். குப்பை என்ற வார்த்தை சரி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் சொன்ன குப்பை வேறு. வேகப்படுத்துகிற மென்பொருள் என்று ஒன்றை இறக்கினார். அது போதாது என்று அதைக் கண்காணிக்க இன்னொன்று. வைரஸைப் பிடிக்க ஒன்று, அந்த வைரஸ்பிடிப்பவன் சரியாகப் பிடிக்கிறானா என்று பார்க்க மற்றொன்று. கணினியைப் போட்டால் போதும், எல்லாமும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து நின்று, உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் கத்தின. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

ஆனால் ஒன்று நடந்தது. முன்பெல்லாம் அந்தப் பெட்டி இரைந்துகொண்டே இருக்கும். கொழுந்தன் கைவைத்துப் போன இரண்டொரு நாளில் அந்த இரைச்சல் நின்றுவிட்டது. போனில் சொன்னேன்.

"பாத்தீங்களா அண்ணி? லோட் குறைஞ்சிருச்சு. அதான் அமைதியா ஓடுது."

"அமைதியா இருக்கு தம்பி. ஓடல."

"ரெண்டு நாள் டைம் குடுங்க அண்ணி, பழகிக்கும்."

பழகிக்கொள்வதற்கு அது என்ன புது மருமகளா? நான் போனை வைத்துவிட்டேன்.

இரண்டாவது வைத்தியர் பத்தாங் பெர்ஜுந்தாய்க் கடைக்காரர். பெட்டியைக் கார் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்துக் கொண்டுபோனேன். மனிதர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. கைப்பேசியில் எதையோ தடவிக்கொண்டே, "பழைய மாடல்க்கா. ரோசாக் ஆகி கெட்டுப்போற டைம்தான். புதுசு வாங்கிருங்க" என்றார். சரிபார்த்துச் சொல்லுங்கள் என்று வற்புறுத்தி விட்டுவந்தேன். அடுத்த நாள் போனபோது, சர்வீஸ் பண்ணியாச்சு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பெட்டியின் பின்பக்கம் கடையின் பெயர் போட்ட ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அவர் செய்த சர்வீஸ் அதுதான். அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன், ஏனென்றால் திறந்திருந்தால் அவர் அலறியிருப்பார்.

மூன்றாவது வைத்தியர் என் வீட்டுக்காரர். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அவருடைய லோரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குச் சந்தனம், குங்குமம், சாம்பிராணி. ஆயுத பூஜைக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், முன்னால் பூசணிக்காய். அந்த லோரி இத்தனை வருசம் நடுரோட்டில் நிற்காமல் ஓடுவதற்குக் காரணம் எலுமிச்சம்பழம். மாதாமாதம் எண்ணெய் மாற்றிப் பிரேக் பார்க்கிற பட்டறைக்காரருக்கு அதில் பங்கு இல்லை. கணினி வீட்டுக்கு வந்தபோது அதுவும் ஒரு வண்டிதான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். லோரி சோறு போடுகிறது, இது ஒருநாள் உனக்குச் சோறு போடும், லோரிக்குச் செய்வதை இதற்கும் செய்ய வேண்டாமா என்பது அவருடைய நியாயம்.

எங்கள் ஹாலில் ஒரு சுவரில் சாமி மேடை. பலகை அடித்து, சின்ன விளக்கு மாட்டி, படங்கள் வரிசையாக இருக்கும். இணையக் கம்பி அந்த மூலையில் வந்து முடிவதால் கணினி மேசை மேடைக்கு நேர் கீழே. எதிர்ச் சுவரில் தொலைக்காட்சியும் அவருடைய சாய்வு நாற்காலியும். வந்த புதிதில் நான் சொன்னேன், சாமி மேடையை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிடலாம், விளக்கின் எண்ணெய் கணினிமேல் சொட்டப்போகிறது என்று. அவர் என்னை வேற்றாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சாமி மேடைய நகர்த்தினா குடும்பம் நகர்ந்து போயிரும். ஏற்கனவே தோட்டத்த விட்டு நகர்ந்தது போதாதா?"

சாமி மேடை இருந்த இடத்திலேயே இருந்தது. தொலைக்காட்சியை நகர்த்தும் யோசனையை யாரும் சொல்லவும் இல்லை. அது சாமியைவிடப் பெரிய சாமி.

ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூபக்கால் எடுத்து, கொட்டாங்குச்சிக் கரியில் சாம்பிராணி தூவி, முதலில் சாமிக்குக் காட்டுவார். பிறகு குனிந்து கணினிக்கு. சும்மா காட்டிவிட்டுப் போகமாட்டார், காற்று போகிற ஓட்டைகளுக்குப் பக்கத்திலேயே பிடிப்பார். புகை அப்படியே உள்ளே இழுபடும். "பாரு, ஏத்துக்குது" என்பார் பெருமையாக. பிறகு சந்தனத்தைக் குழைத்து முகப்பில் மூன்று பட்டை, நடுவில் குங்குமம். கோயில் கமிட்டியில் பொருளாளராக இருந்தபோது அவருக்குப் போட்ட சிவப்புப் பொன்னாடை ஒன்று உண்டு. தூசி படக்கூடாது என்று அதையும் பெட்டிக்குப் போர்த்தினார். வேலை செய்கிற நேரத்தில் நான் எடுத்துவிடுவேன். நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் திரும்பப் போர்த்திவிடுவார். அந்தப் பெட்டிக்குக் கிடைத்த மரியாதையை எனக்கு யாரும் செய்ததில்லை.

அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. நாடகத்தில் பாதிகூட முடியவில்லை. சனிக்கிழமை காலை, கல்லாவுக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம் வேலை பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். போட்ட உடனே ஓரளவு ஓடியது. சிறிது நேரத்தில் மாமியார் பாதிச் சொல்லில் நின்றுவிட்டாள், நின்ற இடத்தில் அவள் கண் மேல்நோக்கிச் செருகியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு அழுகிற ரகம் இல்லை நான், சத்தமாகவே அழுதேன்.

வீட்டுக்காரர் தூபக்காலோடு வந்து நின்றார். அன்று வெள்ளிக்கிழமை இல்லை.

"இன்னிக்கி எதுக்குங்க?"

"நாலஞ்சு நாளா தெனம் காலையிலயும் சாயங்காலமும் காட்டிக்கிட்டுதான் இருக்கேன். நீ கடைக்குப் போயிருக்கிறப்ப. ஒனக்கு இந்த வேலை கெடைக்கணும்னு வேண்டுதல்." குனிந்து பெட்டியைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "என்னமோ தெரியலம்மா. முந்தியெல்லாம் பொகைய நல்லா ஏத்துக்கும். கொஞ்ச நாளா ஏத்துக்க மாட்டேங்குது. மூஞ்சிக்கே திரும்பி வருது. என்ன குறையோ?"

நான் அழுகையை நிறுத்திவிட்டேன்.

புகை ஏன் உள்ளே போனது? உள்ளே ஒரு காற்றாடி சுற்றி இழுத்தது. இப்போது ஏன் போகவில்லை? திணறித் திணறி இழுத்துக்கொண்டிருந்தது நின்றேவிட்டது. இரைச்சல் நின்றதும் அதனால்தான். கொழுந்தன் லோட் குறைத்ததாக மார்தட்டியது ஒரு காற்றாடியின் மரணத்துக்கு. காற்று இல்லாமல் பெட்டி கொதிக்கிறது, கொதிக்கிற பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. போட்ட உடனே, சூடு ஏறுவதற்கு முன்னால் மட்டும் ஓடுகிறது. இவ்வளவுதான் விசயம். இதைக் கண்டுபிடிக்காமல் இருப்பதற்கு ஒரு சூப்பர்வைசரும் ஒரு கடைக்காரரும் தேவைப்பட்டார்கள்.

"லோரியில இருக்கிற ஸ்க்ரூ டிரைவரக் கொண்டாங்க" என்றேன். சாப்பாட்டுக்கடைக்குப் போன் செய்து, காய்ச்சல், வரமுடியாது என்றேன்.

பக்கத் தகட்டைக் கழற்றினேன். கோயில் வாசனை குப்பென்று வந்தது. உள்ளே எல்லாவற்றின் மேலும் ஒரு கரும்பழுப்புப் பிசின் படிந்திருந்தது. சாம்பிராணிப் புகையும் விளக்கின் எண்ணெயும் கலந்து காய்ந்தது. அதன்மேல் திருநீறு ஒட்டி, திருநீற்றின் மேல் பொன்னாடையின் ஜரிகை நூல்கள் ஒட்டி, காற்றாடியின் இறக்கைகள் அப்பளமாவு பூசினதுபோல் தடித்திருந்தன. முகப்பு ஓட்டைகளைச் சந்தனம் அடைத்திருந்தது. அடியில் காய்ந்த மல்லிகை இதழ்கள் கிடந்தன. ஒரு மூலையில், சுருங்கி, கறுத்து, கல்லாகிப்போன ஒரு சின்ன எலுமிச்சம்பழம்.

"இது எப்படிங்க உள்ள போச்சு?"

"பின்னாடி ஒரு கார்டு போடுற எடம் தெறந்து கெடந்துச்சு. ஆயுத பூஜைக்கு வச்சேன். சக்கரம் இல்லையே, வேற எங்க வைக்கிறது?"

பழைய பல்துலக்கி, வர்ணம் பூசுகிற தூரிகை, பஞ்சு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சந்தனம் அடைத்த ஓட்டைகளை ஊதுவத்திக் குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தினேன். காற்றாடியின் இறக்கைகளைத் துடைத்துத் துடைத்து, விரலால் தள்ளினால் சுழலுகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். சுரண்டி எடுத்ததை எல்லாம் ஒரு நாளிதழில் கொட்டினேன். ஒரு கைப்பிடிக்கு மேல் இருந்தது. அவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த நாளிதழைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"பாத்துக்குங்க. உங்க பக்தி இதுதான். வைரஸும் இல்ல, திருஷ்டியும் இல்ல. நீங்க வேண்ட வேண்டத்தான் இது செத்துச்சு. என் பொழப்புல மண்ணள்ளிப் போட வேற யாரும் வேணாம், நீங்க ஒருத்தரே போதும்."

அவர் தூபக்காலை வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி அணைத்தார். லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சனிக்கிழமை அவருக்குச் சவாரி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சொன்னதற்காக அந்த நிமிடம் நான் வருத்தப்படவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நேரமும் இல்லை. தகட்டை மாட்டினேன், பெட்டியைப் போட்டேன். இரைச்சல் கேட்டது. அந்த இரைச்சலைக் கேட்டு என் வயிறு குளிர்ந்தது. கொழுந்தனின் காவல்காரர்களை ஒவ்வொருவராக வேலையை விட்டு அனுப்பினேன். போவதற்கு முன், நிச்சயமாக எங்களை நீக்க வேண்டுமா என்று ஒவ்வொன்றும் அழுகை முகம் காட்டிக் கேட்டது. நிச்சயமாக. படத்தை ஓடவிட்டேன். மாமியார் வாயைத் திறந்தாள், அதே கணத்தில் குரலும் வந்தது. வாய்க்கொழுப்புப் பிடித்த அந்தக் கிழவியை அன்றைக்குக் கட்டிப்பிடித்திருப்பேன்.

அன்றும் ஞாயிற்றுக்கிழமையும் நாற்காலியை விட்டு எழவில்லை. வீட்டுக்காரர் பொட்டலச் சோறு வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டுப் போவார். விளக்கு ஏற்றுவார், கும்பிடுவார், சாம்பிராணி போடமாட்டார். பொன்னாடையைக் காணவில்லை. மருமகளை மாமியார் 'நீ நல்லா இருப்பியா' என்று கேட்கிற இடம் ஒன்று வந்தது. மலாயில் அதை எழுதுகிறபோது, நான் சனிக்கிழமை பேசியதும் ஏறக்குறைய அதுதான் என்று தோன்றியது. எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். ஞாயிறு இருட்டுவதற்குள் அனுப்பிவிட்டேன்.

திங்களன்று காய்ச்சல் குணமாகிக் கல்லாவுக்குப் போனேன். வியாழக்கிழமை, ஒரு குடும்பத்துக்கு மீதிச் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும்போது கைப்பேசியில் பதில் வந்தது. நன்றாக இருக்கிறது, அடுத்த பகுதிகளை அனுப்புகிறோம் என்று இருந்தது. மாத முடிவோடு நின்றுகொள்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். "ஏன்க்கா, இங்க என்ன கொற?" என்றார், உட்கார்ந்தபடியே. நாற்காலி என்று சொன்னேன்.

வீட்டுக்காரருக்குப் போனில் ஒரு வரி அனுப்பினேன், வேலை கிடைத்துவிட்டது என்று. பதில் இல்லை. அந்த இரவு அவர் சாப்பிட்டுவிட்டு நேராகப் படுக்கப் போனார். சாமிதான் கொடுத்தது என்று சொல்வார், சொன்னால் என்ன திருப்பிச் சொல்வது என்று நான் தயாராக வைத்திருந்தேன். அதற்கும் வழியில்லாமல் போனது.

வெள்ளிக்கிழமை கடையிலிருந்து திரும்பினேன். ஹாலுக்குள் காலை வைத்ததும், வேறு யாருடைய வீட்டுக்கோ வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் இருந்தது. கணினி இருந்த இடத்தில் இருந்தது. அதன் மேலே சுவர் காலி, ஆணி அடித்த ஓட்டைகளில் சிமெண்டு பூசியிருந்தது, இன்னும் ஈரம் காயவில்லை. சாமி மேடை எதிர்ச் சுவரில் இருந்தது, படங்கள் எல்லாம் அதே வரிசையில். தொலைக்காட்சி அடுப்படிக்குப் போகிற வழியில் ஒரு முக்காலியின் மேல் திரும்பி உட்கார்ந்திருந்தது. சாய்வு நாற்காலி கணினி மேசைக்கு முன்னால் இருந்தது. நான் இதுவரை உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காணோம்.

அவர் வெளியே, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். கையில் தூபக்கால். வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புகை சாலைப்பக்கம் போகும்படி உடம்பால் மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"குருக்கள்கிட்ட கேட்டுட்டேன்" என்றார். "நகர்த்தலாமாம். குடும்பமெல்லாம் எங்கயும் போகாதாம்."

உள்ளே போய் அந்தச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவருடைய முதுகு அழுத்தி அழுத்திக் குழிந்த இடத்தில் என் முதுகு பொருந்தவில்லை, ஆனால் கால் இரண்டையும் நீட்டிக்கொள்ள முடிந்தது. கணினியைப் போட்டேன்.

"பொக உள்ள வருதா பாரும்மா" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார்.

ஆற்றுப்பக்கக் காற்று அந்த நேரம் திரும்பியிருந்தது. வாசல் வழியாகக் கொஞ்சம் வந்துகொண்டுதான் இருந்தது. முகம் துடைக்கிற துண்டை எடுத்துப் பெட்டியின் ஓட்டைகளுக்கு முன்னால் திரையாகப் பிடித்துக்கொண்டேன்.

"வரலங்க" என்றேன். "நல்லா காட்டுங்க."